மொட்டை டயர் வேறு, ஸ்லிக் டயர் வேறு

போன வாரம் இன்னொரு கார். கடலூரிலிருந்து வந்த தம்பி, "அடுத்த மாதம் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயக் களத்தில் ஸ்பிரின்ட் ஓட்டப் போகிறேன் அண்ணா, அலைன்மென்ட் மட்டும் பார்த்துவிடுங்கள்" என்றார். ஸ்பிரின்ட் என்றால் ஒவ்வொரு காரும் நேரத்தோடு போட்டி போட்டு ஓடும் குறும்பந்தயம்; அலைன்மென்ட் என்றால் சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது. முன் டயர் இரண்டும் மொட்டை. மாற்றச் சொன்னால், "பந்தயத்துக்கு வழவழப்பாக இருந்தால்தானே பிடிப்பு?" என்று என்னையே கேட்கிறார். புதுச்சேரியில் டயர் கடை நடத்தும் எனக்கு இந்தக் கேள்வி கேட்டுக் கேட்டுப் புளித்துவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

பிடிப்பு வழவழப்பிலிருந்து வருவதில்லை, ரப்பரிலிருந்து வருகிறது. காய்ந்த தளத்தில் கூடுதல் ரப்பர் தரையைத் தொட வேண்டும் என்பதற்காகத்தான் ஸ்லிக் என்ற பந்தய டயரில் பள்ளம் வைப்பதில்லை. தொடுகிற அந்த ரப்பர் மிருதுவாக, சூடேறினால் ஒட்டுகிற கலவையாக இருக்க வேண்டும். நீங்கள் ஓட்டித் தேய்த்த டயரோ நீண்ட நாள் உழைப்பதற்கென்றே செய்த கலவை. அதுவும் வெயிலில் ஆண்டுக்கணக்கில் காய்ந்து இறுகிவிட்டது. பழைய அழிப்பான் காகிதத்தில் வழுக்குமே, அதேதான். புது டயரைச் சீவி உயரத்தைக் குறைத்து ஓட்டும் வழக்கம் பந்தயத்தில் உண்டு, பலனும் உண்டு. ஆனால் அங்கே ரப்பர் புதிது. உங்கள் டயரில் தேய்ந்துபோனது பள்ளம் மட்டுமல்ல.

அந்த டயரைக் கழற்றி அவர் கையிலேயே கொடுத்தேன். பக்கவாட்டில் 1217 என்று நான்கு இலக்கம். 2017-ஆம் ஆண்டின் 12-ஆவது வாரத்தில் செய்தது. நகத்தால் அழுத்தச் சொன்னேன், தடமே விழவில்லை. உள் ஓரத்தில் ஓரிடத்தில் கம்பி மின்னியது. அலைன்மென்ட் கெட்ட காரில் பெரும்பாலும் முதலில் தேய்வது அந்த உள் ஓரம்தான். நின்று பார்த்தால் கண்ணில் படாது, குனிந்து கைவிட்டுத் தடவ வேண்டும். இந்த டயரில்தான் அவர் தினமும் வேலைக்குப் போய் வருகிறார். பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்த டயரோடு காரைச் சாலையில் ஓட்டவே கூடாது என்பது சட்டம். பந்தயம் அப்புறம்.

சரி, செமி ஸ்லிக், அதாவது பள்ளம் குறைவாக வெட்டிய மிருதுவான டயர், வாங்குவதென்றே முடிவு செய்துவிட்டீர்கள். பக்கவாட்டில் 'டிரெட்வேர்' (தேய்மானம்) என்ற சொல்லுக்கு அருகிலுள்ள எண்ணைப் பாருங்கள். யோகோஹாமா அட்வான் ஏ052-க்கு 200, டோயோ ஆர்888ஆர்-க்கு 100, நான்காங் ஏஆர்-1-க்கு 80. எண் குறையக் குறைய டயர் சீக்கிரம் தேயும், பெரும்பாலும் பிடிப்பு கூடும். ஒவ்வொரு நிறுவனமும் தானே சோதித்துப் போடும் எண் அது. ஒரே நிறுவனத்தின் டயர்களை ஒப்பிடத்தான் முழுதாக நம்பலாம். ஸ்பிரின்டில் ஒரு சுற்றோ இரண்டோதான் கிடைக்கும். பல சுற்று ஓடிய பிறகு சூடேறும் கடினமான கலவையை வாங்கி என்ன பயன்? சீக்கிரம் சூடாகும் மிருதுவான கலவையைக் கேளுங்கள். போட்டி விதிகளில் எந்த டயருக்கு அனுமதி என்பதைப் பணம் கட்டும் முன்பே படித்துவிடுங்கள்.

'நாட் ஃபார் ஹைவே யூஸ்' என்று அச்சிட்டிருந்தால் அது களத்துக்கு மட்டுமான டயர். சாலையில் ஓட்ட ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்க வேண்டும். 2020 ஜூனில் மத்திய அரசு கார் டயர் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. கிடைப்பது அரிதானதால் பழைய சரக்கையும் ஓட்டிக் கழித்ததையும் புதிது என்று தலையில் கட்டுகிறார்கள். அந்த நான்கு இலக்கத்தைப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

அடுத்தது மழை. நம் ஊர் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈ.சி.ஆரில் மரக்காணம் பக்கம் தண்ணீர் தேங்கி நிற்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். செமி ஸ்லிக்கில் தண்ணீரை வெளியேற்றும் பள்ளம் குறைவு. களத்தில் சூடேறும்போது காற்றழுத்தம் கூடும் என்பதால் முன்கூட்டியே குறைத்து வைப்பார்கள். அதே குறைந்த காற்றோடு, ஆறிப்போன டயரில், இருட்டில், மழையில் வீட்டுக்குத் திரும்பினால் கார் இன்னும் சீக்கிரம் தண்ணீர் மேல் மிதக்கும். பிரேக்கும் ஸ்டீயரிங்கும் அப்போது கேட்காது.

கெஞ்சிக் கேட்கிறேன், பந்தய டயரைத் தனி வீலில் மாட்டிப் பின்னால் ஏற்றிக்கொண்டு போங்கள். அங்கே மாற்றுங்கள், ஓட்டுங்கள், மறுபடி சாலை டயரை மாட்டிக் காற்றைச் சரிபார்த்துக்கொண்டு கிளம்புங்கள். வீல் நட்டை டார்க் ரென்ச் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் ஸ்பானர்) வைத்து முறுக்குங்கள், ஸ்பானர் மேல் ஏறி மிதிக்காதீர்கள். சிறிது தூரம் ஓட்டியபின் இன்னொரு முறை சரிபாருங்கள். தனி வீலுக்குக் காசு இல்லையா? முதல் சில போட்டிகளை நல்ல சாலை டயரிலேயே ஓட்டுங்கள். ஓட்டக் கற்றுக்கொள்ள அது போதும்.

டயர் வாங்கும் முன் அதன் பக்கவாட்டைப் படம் எடுத்து, உங்கள் பகுதியில் நம்பிக்கையான டயர் கடைக்காரரிடம் காட்டுங்கள். என்னிடம் கொண்டுவந்தாலும் பார்த்துச் சொல்கிறேன், அதற்குக் காசு வாங்குவதில்லை.