வளைந்த சுவர் வீட்டில் ஓரம்தான் முதலில் கெடும்

கோலாலம்பூர் செந்தூலில் 11ஆவது மாடியில் ஒரு வீடு. கட்டடத்தின் முகப்பு வில் மாதிரி வளைந்திருப்பதால் கூடத்தின் மேற்குச் சுவரும் வளைகிறது. அது படுக்கையறைச் சுவரோடு சேரும் இடத்தில், ஒரு நாற்காலிகூட நுழையாத முக்கோண மூலை. வீட்டுக்கார அக்கா என்னை அழைத்தது அந்த மூலைக்காக அல்ல. வளைந்த சுவரை மறைத்து அடித்த டிவி அலமாரி இரண்டே வருடத்தில் உப்பிவிட்டது. கீழ் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தினேன். தேநீரில் ஊறிய ரொட்டி மாதிரி உள்ளே போனது. விரலை எடுத்ததும் ஈர மரத்தூள் உதிர்ந்தது. முன்பக்கத்தில் ஒரு கீறல்கூட இல்லை.

“நல்ல ஃபோர்மிக்காதானே தம்பி போட்டோம்?” என்றார் அக்கா.

நல்ல ஃபோர்மிக்காதான். பிசினில் ஊறிய காகிதங்களை அடுக்கி, 120 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் அழுத்தி எடுத்த தகடு அது. கீறலைத் தாங்கும், ஈரத்தையும் தாங்கும். ஆனால் அதன் கனம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. அதற்குப் பின்னால் இருந்தது சிப்போர்டு, மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை. தினமும் மாப் போடும்போது தண்ணீர் கீழ் ஓரம் வழியாக ஏறியிருக்கிறது.

நேரான சுவரில் ஓர் அலமாரிக்கு வெளியே தெரியும் ஓரங்கள் கொஞ்சம்தான். வளைவிலும் கோணலிலும் அதையே சின்னச் சின்னப் பெட்டிகளாக வெட்டி நிறுத்துவார்கள். ஒவ்வொரு வெட்டும் ஒரு புது ஓரம், தண்ணீரும் கரப்பானும் நுழைய ஒரு புது வாசல். அதனால்தான் இப்படிப்பட்ட வீட்டுக்காரர்களிடம் நிறத்தைப் பற்றிப் பிறகு பேசலாம், முதலில் ஓரத்தை எப்படி மூடப் போகிறார்கள் என்று அலமாரி செய்பவர்களிடம் கேளுங்கள் என்கிறேன்.

பசையையும் கேளுங்கள். பலகையின் வெட்டிய ஓரத்தை மூடும் பட்டையை ஒட்டும் சாதாரணப் பசை சூட்டில் உருகி ஒட்டுவது. கோலாலம்பூரில் மேற்குச் சுவருக்கு வருடம் முழுக்க மாலை வெயில் உண்டு. அந்தச் சூடு நாள்தோறும் பட்டால் பசை இளகி, பட்டை வாய் பிளக்கும். பியூஆர் என்ற பசை ஈரத்தோடு சேர்ந்து இறுகுவது, இறுகியபின் எளிதில் இளகாது. விலை கூடுதல்தான். வெயில் படும் இடத்திலும் சிங்க் பக்கத்திலுமாவது அதைப் போடச் சொல்லுங்கள்.

அக்கா வீட்டில் பழையதைக் கழற்றிவிட்டு, சுவரின் வளைவை அட்டையில் வெட்டி எடுத்தோம். தரையில், இடுப்பளவில், தலைக்கு மேலே என்று மூன்று உயரத்திலும் அளந்தோம். மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. பூச்சு அப்படித்தான் இருக்கும், ஒரே அளவை நம்பினால் இடுக்கு விழும். அப்புறம் வளையும் பிளைவுட்டில் ஒரே நீளமாக, தரையிலிருந்து 15 சென்டிமீட்டர் உயர்த்தி, சுவரோடு வளையும் ஒரு தட்டு மட்டும் செய்தோம். மாப் தண்ணீர் இனி அதைத் தொடாது. துளை போடுவதற்கு முன் நிர்வாகத்திடம் எழுத்துப்பூர்வ அனுமதி வாங்கினோம். புதிய கொண்டோக்கள் பலவற்றில் சுவரே பாரம் தாங்கும் கான்கிரீட், மனம்போல உடைக்க முடியாது.

சமையலறை மேடையும் கோணலாகத் திரும்பியது. இணைப்பை சிங்க், அடுப்பு இரண்டிலிருந்தும் தள்ளி வைத்தோம். மார்பிள் வேண்டும் என்றார் அக்கா, நான் வேண்டாம் என்றேன். புளியும் எலுமிச்சையும் பட்ட இடம் அரித்து மங்கிவிடும், நம் சமையலில் இரண்டும் தினமும் உண்டு. குவார்ட்ஸ் நல்லதுதான், ஆனால் அதில் பிசின் கலந்திருக்கிறது. அடுப்பிலிருந்து இறக்கிய சட்டியை நேரே வைத்தால் தழும்பு விழலாம், வெடிக்கவும் கூடும். கனிமத் தூளை அழுத்திக் கடும் சூட்டில் சுட்டெடுத்த சின்டர்ட் கல் சூட்டையும் வெயிலையும் நன்றாகத் தாங்கும். அதன் பலவீனமும் ஓரம்தான், பாத்திரம் இடித்தால் சில்லு போகும். அதனால் ஓரத்தைக் கூராக விடாமல் கொஞ்சம் உருட்டித் தரச் சொன்னோம்.

எதை வாங்குவதற்கு முன்பும் கடையில் மாதிரித் துண்டு கேட்டு வாங்குங்கள். மஞ்சளை எண்ணெயில் குழைத்து ஓர் இரவு அதன்மேல் விட்டு, காலையில் பாத்திரம் கழுவும் சோப்பால் துடைத்துப் பாருங்கள். பலகைத் துண்டு என்றால் பட்டை ஒட்டிய ஓரம் தண்ணீரில் முங்கும்படி ஒரு நாள் வையுங்கள். ஷோரூம் விளக்கில் தெரியாதது அப்போது தெரியும்.

அந்த முக்கோண மூலையைப் பலகை அடித்து மூடிவிடலாம் என்று முன்பு யாரோ சொன்னார்களாம். அப்படி மூடியிருந்தால் உள்ளே காற்று போகாமல் பூஞ்சை பிடித்திருக்கும். நாங்கள் மரமே வைக்கவில்லை. இரண்டு சுவரிலும் போர்சலின் ஓடு பதித்து, இடுப்பளவில் ஒரு கல் தட்டு. இப்போது அது சாமி இடம். வெள்ளிக்கிழமை விளக்கேற்றி முடித்ததும் அக்கா சூடக் கரியையும் சிந்திய எண்ணெயையும் ஈரத்துணியால் ஒரே இழுப்பில் துடைத்துவிடுகிறார்.