மயில்கழுத்து நிறம் தாளில் ஏறுவது எப்படி?

பெங்களூரு மல்லேஸ்வரம் எட்டாவது கிராஸில் பட்டுப்புடவை எடுக்கும் நம் வீட்டுப் பெண்கள், கடையில் எரியும் விளக்கை நம்பாமல், புடவையை வாசலுக்குக் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்பார்கள். இதழ்களுக்குப் பக்கம் வடிவமைக்கும் எனக்கு நிறத்தின் இயல்பை இதைவிடத் தெளிவாகச் சொன்ன காட்சி வேறில்லை. விழும் ஒளி, அதில் துணி திருப்பி அனுப்பும் பங்கு, அதை வாங்கிக்கொள்ளும் கண் ஆகிய மூன்றும் சேர்ந்தே நிறம் பிறக்கிறது. அச்சு மாதிரியையும் பகல் வெளிச்சத்தை ஒத்த 5000 கெல்வின் தர விளக்கின் கீழ் வைத்துத்தான் சரிபார்க்கிறோம்.

கணினித் திரை சிவப்பு, பச்சை, நீல ஒளியைக் கலந்து நிறம் காட்டுகிறது. தாளோ தானாக ஒளி தருவதில்லை. அதன்மேல் படியும் மை, வெள்ளை ஒளியிலிருந்து ஒரு பகுதியை விழுங்கிவிடுகிறது. சயான் என்னும் பசுநீல மை சிவப்பையும், மெஜந்தா என்னும் ஊதா கலந்த சிவப்பு மை பச்சையையும், மஞ்சள் மை நீலத்தையும் விழுங்கும். இவற்றோடு கறுப்பும் சேர்ந்து அச்சில் நான்கு மைகள். இதழ்களை அச்சிடும் ஆஃப்செட் இயந்திரத்துக்கு மையை நீர்க்கச் செய்து வெளிறிய நிறம் தரத் தெரியாது. ஓரிடத்தில் மை வைக்கும், அல்லது வைக்காது. ஆகவே இளஞ்சிவப்பு வேண்டுமானால் வெள்ளைத் தாளில் மெஜந்தாவைச் சிறு சிறு புள்ளிகளாகத் தூவ வேண்டும். பளபளப்புத் தாளில் வழக்கமாக அங்குலத்துக்கு 150 வரிசைகள், அதாவது புள்ளிக்குப் புள்ளி சுமார் 0.17 மில்லிமீட்டர். கையில் பிடித்துப் படிக்கும் தூரத்தில் கண் இவற்றைக் கலந்தே பார்க்கிறது. அச்சான புடவைப் படத்தின்மேல் உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்தால் புடவை மறைந்து புள்ளிகள் மட்டும் தெரியும்.

மயில்கழுத்து நிறம்தான் பெரும் சோதனை. நீளவாக்கில் ஓடும் பாவு நூல் நீலமாகவும் குறுக்கே ஓடும் ஊடை நூல் பச்சையாகவும் இருப்பதால், பார்க்கும் கோணம் மாறும்போது ஒன்று அடங்கி மற்றொன்று மேலெழுகிறது. ஓரிடத்தில் நிற்கும் கேமராவுக்கு ஒரு கோணம்தான் உண்டு. அதனால் தேர்ந்த புகைப்படக்காரர் புடவையைத் தட்டையாக விரிக்காமல் மடிப்பு மடிப்பாக விட்டு, பக்கவாட்டில் விளக்கு வைக்கிறார். ஒவ்வொரு மடிப்பும் ஒரு கோணமாகி, ஒரே படத்தில் இரு நிறங்களும் தெரிகின்றன. ஜரிகையின் மினுக்கமும் இப்படிப் பெறப்படுவதே. மஞ்சள், பழுப்பு மைகளுக்கு நடுவே மை படாத வெண்தாள் ஒரு கீற்றாக விடப்படுகிறது. அந்த வேறுபாட்டைத்தான் கண் மினுக்கம் என்று கொள்கிறது.

கிளிப்பச்சை திரையில் துள்ளும், தாளில் சோர்ந்துபோகும். அவ்வளவு தெளிந்த பச்சை இந்த நான்கு மைகளின் எல்லைக்கு வெளியே இருக்கிறது. இங்கே கைகொடுப்பது ஒரு சாயப்பட்டறைத் தலைவரின் கண்டுபிடிப்பு. பாரிஸின் கோபெலின் நெசவாலையில் கறுப்பு நூல் வெளுத்துத் தெரிகிறது என்ற புகாரை ஆராய்ந்த வேதியியலாளர் ஷெவ்ரல், குறை சாயத்தில் இல்லை, பக்கத்து நிறம்தான் கண்ணுக்கு அப்படிக் காட்டுகிறது என்று அறிந்து, 1839-இல் அதை விரிவாக எழுதினார்.

ஒரு தீபாவளி இதழில் கிளிப்பச்சைப் புடவைக்குப் பொருத்தமாக இருக்கும் என்று நான் பக்கத்துக்கு இளம்பச்சைப் பின்னணி கொடுத்தேன். அச்சு மாதிரியில் புடவை வாடிய இலைபோல் கிடந்தது. பின்னணியை அரக்கு நிறமாக்கி மறுபடி அச்சிட்டபோது அதே புடவை புத்தம் புதிதாக நின்றது. படத்தில் ஒரு புள்ளியைக்கூட நாங்கள் மாற்றவில்லை.