குவெரி, வினவல்: தூரத்து கிளஸ்டர்கிட்ட கேக்குததுக்கு நம்ம சொல்லு

கங்கைகொண்டான் ஐடி பார்க்ல உக்காந்துகிட்டு, மும்பையிலயோ சென்னையிலயோ இருக்க சர்வர் கூட்டத்துகிட்ட "யாரு யாரு ஓடிக்கிட்டு இருக்கிய, யாரு படுத்துட்டிய"ன்னு ஸ்கிரிப்ட் (கட்டளையள வரிசையா எழுதி வச்ச ஃபைல்) போட்டு கேக்குதோம்லா, அதுக்குப் பேருதான் கிளஸ்டர் குவெரி. அந்தக் கூட்டம்தான் கிளஸ்டர், அதுல ஒவ்வொரு சர்வரும் ஒரு நோடு, அதுல ஓடுத வேலைதான் ரிசோர்ஸ். "அண்ணாச்சி, கிளஸ்டர குவெரி பண்ணிட்டேன், மூணாவது நோடு டவுனா கெடக்கு"ன்னு சின்னப் பையன் சொல்லுவான், "சரி தம்பி, ரிசோர்ஸ் எந்த நோடுக்கு போயிருக்குன்னு பாரு"ன்னு பெரியவரு சொல்லுவாரு. இதுல தமிழ் இல்லன்னு நான் குறையா சொல்லல, ஆனா குவெரிங்கறதுக்கு தமிழ்ல இருக்க சொல்லு வெறும் மாத்துச் சொல்லு இல்ல, வேலைய ஒழுங்கா பிரிச்சுக் காட்டுத சொல்லு, அதனாலதான் இத எழுதுதேன்.

மொதல்ல குவெரி எங்கன இருந்து வந்துச்சுன்னு பாப்போம். லத்தீன்ல குவாயெரேன்னா தேடு, கேளுன்னு அர்த்தம். குவெஸ்ட், குவெஸ்சன் எல்லாம் அதே வேர்தான். 17ம் நூற்றாண்டுல இங்கிலீஷ்ல குவெரி ஆச்சு. கம்ப்யூட்டர் உலகத்துல அத பெருசா பரப்புனது ஐபிஎம். 1974ல அங்க சேம்பர்லினும் பாய்ஸும் டேட்டாபேஸுக்கு உருவாக்குன சீக்வெல் மொழியோட பேருலயே குவெரி இருந்துச்சு, பொறவு அதுதான் எஸ்கியூஎல் ஆச்சு. ஆனா அங்கயே ஒரு குழப்பமும் ஒட்டிக்கிட்டு, ஏன்னா அந்த மொழில தகவல கேக்கவும் செய்யலாம், அழிக்கவும் செய்யலாம், ரெண்டையும் பேச்சுல குவெரின்னே சொல்லிட்டாவ, "டெலீட் குவெரி"ன்னு இன்னைக்கும் சொல்லுதோம், கேள்வி எப்படிய்யா அழிக்கும்?

தமிழ்ல இதுக்கு வினவல். பிளஸ் டூ கணினி அறிவியல் படிச்ச பிள்ளையளுக்கு வினவல் மொழின்னா தெரியும். தேடல்னு சிலபேரு எழுதுதாவ, அது சர்ச்சுக்கு போயிரும். விசாரணைன்னா போலீஸ் ஸ்டேஷன் வாடை அடிக்கி. வினவு, வினா ரெண்டும் நம்மகிட்ட தொல்காப்பியத்துலேர்ந்தே இருக்க சொல்லு. அதுலயும் வினா தனியா வராது, கூடவே ஜோடியா செப்புன்னு ஒண்ணு வரும், செப்புன்னா பதில். "செப்பும் வினாவும் வழாஅல் ஓம்பல்"னு தொல்காப்பியத்து கிளவியாக்கம்ங்கற பகுதில வருது, அதாவது கேக்குததும் பதில் சொல்லுததும் பிசகாம பாத்துக்கணும். குவெரிக்கு வினா, ரெஸ்பான்ஸுக்கு செப்பு. எனக்கு இதவிட பொருத்தமான ஜோடி தோணல.

பதில் பிசகுனா அத செப்பு வழுன்னு சொல்லுதாவ. உரையில ஒரு எடுத்துக்காட்டு உண்டு: கடம்பூருக்கு வழி எதுன்னு கேட்டா, இடம்பூணி என் ஆவின் கன்றுன்னு சொல்லுதது. வழி கேட்டவனுக்கு மாட்டுக் கன்னுக்குட்டி சங்கதி எதுக்கு? (கடம்பூர்னு படிச்சதும் நமக்கு போளி ஞாபகம் வரும், அது வேற.) எஸ்எஸ்எச் (தூரத்து சர்வர்ல பாதுகாப்பா நுழையுத வழி) வழியா கட்டளை ஓட்டுறவியளுக்கு இது நல்லா வெளங்கும், நோடோட நெலமைய கேட்டிருப்போம், சில சர்வர்ல லாகின் ஃபைல்ல யாரோ எழுதி வச்ச வரவேற்பு வாசகமும் சேந்து வந்து நிக்கும், அத வரிவரியா பிரிக்குத ஸ்கிரிப்ட் தடுமாறிரும். மைக்ரோசாஃப்டோட ஸ்கிரிப்ட் மொழி பவர்ஷெல்ல பதில் வெறும் எழுத்தா வராம பேரு, நெலமைன்னு தனித்தனி பண்போட ஆப்ஜெக்டா வாரதால இந்த வழு ரொம்ப குறையுது.

அதுக்கு அடுத்த நூற்பா "வினாவும் செப்பே வினா எதிர் வரினே". கேள்விக்கு எதிரா கேள்வி வந்தா அதுவும் பதில்தான். மொதத்தடவ எஸ்எஸ்எச்ல ஒரு சர்வர தொட்டா அது என்ன செய்யுது, இந்த ஹோஸ்ட் சாவிய (சர்வரோட அடையாளச் சாவி) நம்பலாமா, எஸ்ஸா நோவான்னு நம்மளையே திருப்பி கேக்குது. ஆளு இருந்தா எஸ் அடிப்பாவ. ராத்திரி ரெண்டு மணிக்கு தானா ஓடுத ஸ்கிரிப்ட் திருப்பி கேட்டா யாரு பதில் சொல்லுவா, அதனாலதான் பேட்ச்மோடுன்னு ஒரு ஆப்ஷன் வச்சிருக்காவ, அத போட்டா எதிர்க்கேள்வி கேக்காம தோத்துட்டேன்னு சொல்லி வெளிய வந்துரும். தெரிஞ்ச சர்வர் சாவியள முன்னாடியே பதிஞ்சு வச்சிட்டா அந்தக் கேள்வியே வராது.

இன்னும் ஒரு படி மேல போனா நன்னூல். பவணந்தி முனிவர் வினாவ ஆறா பிரிக்காரு: அறிவு, அறியாமை, ஐயம், கொளல், கொடை, ஏவல். பள்ளிக்கூடத்துல மனப்பாடம் பண்ணி விட்டுட்டோம், இப்பம் கிளஸ்டர் பக்கத்துல வச்சுப் பாருங்க. எந்த நோடு எப்படி இருக்குன்னு தெரியாம கேட்டா அறியா வினா. எல்லா நோடும் ஓடிக்கிட்டு இருக்கணும்னு தெரிஞ்சும் சரியா சொல்லுதான்னு சோதிக்க வாத்தியார் மாதிரி அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா மானிட்டரிங் ஸ்கிரிப்ட் கேக்குதே, அது அறிவினா. ஐய வினாதான் ரொம்ப முக்கியம், பாம்போ கயிறோன்னு. எதுத்த நோடு பேசல, அது செத்துட்டா, இல்ல நடுவுல நெட்வொர்க் அறுந்துட்டா? ரெண்டு பக்கமும் நாந்தான் மிச்சம்னு நெனச்சு ஒரே டிஸ்க்ல எழுத ஆரம்பிச்சா டேட்டா நாசம், அதுக்குப் பேரு ஸ்பிளிட் பிரெயின். அதனாலதான் நோடுக்கு ஒரு ஓட்டுன்னு கணக்கு வச்சாவ, அஞ்சு ஓட்டுல மூணு கையில இருக்க பக்கம்தான் வேலை பாக்கலாம், மத்த பக்கம் ஒதுங்கிரணும்.

கடைசியா ஏவல் வினா. கேள்வி மாதிரி இருக்கும், உள்ள கட்டளை. "கடைக்கு போயிட்டு வாரியா"ன்னு அம்மை கேட்டா அது கேள்வியா? நம்ம ஸ்கிரிப்ட்லயும் இதுதான் ஆபத்து. பவர்ஷெல்காரங்க இத பேருலயே பிரிச்சு வச்சது நல்ல காரியம், கெட்-கிளஸ்டர்நோடுன்னா கேக்க மட்டும் செய்யும், மூவ்-கிளஸ்டர்குரூப், ஸ்டாப்-கிளஸ்டர்நோடுன்னா காரியத்துல எறங்கிரும். கன்டெய்னர் கிளஸ்டர நடத்துத குபெர்னெட்டிஸ்லயும் கேக்குத கெட் வேற, நோட காலி பண்ணுத டிரெயின் (drain) வேற. ஆனா நாம எழுதுத ஸ்கிரிப்ட்ல செக்-கிளஸ்டர்னு பேரு வச்சிட்டு உள்ள, நோடு படுத்திருந்தா சர்வீஸ ரீஸ்டார்ட் பண்ணுன்னு ஒரு வரி சேத்துருதோம், புதுசா வந்த பையன் சும்மா நெலம பாக்கத்தானன்னு பகல்ல ஓட்டிருவான். ஏவல் இருக்க ஸ்கிரிப்ட வினவல்னு சொல்லக்கூடாது. அத ஏவல்னே சொல்லுங்க, தனி ஃபோல்டர்ல வைங்க, வினவல் ஸ்கிரிப்டுக்கு படிக்க மட்டும் உரிமை உள்ள தனி அக்கவுண்ட் குடுங்க, கை தவறுனாலும் ஒண்ணும் மாறாது.

கிளஸ்டருக்கு வருவோம். பழைய இங்கிலீஷ்ல அதுக்கு கொத்துன்னு அர்த்தம். நம்ம பக்கம் நுங்கும் வாழையும் குலைதான், ஆனா குலைன்னா ஒரே காம்புல தொங்குதது, காம்பு போனா எல்லாம் போச்சு, கிளஸ்டர் அதுக்கு நேர் எதிர், ஒண்ணு போனா இன்னொண்ணு தாங்கணும். இலங்கையில கொரோனா சமயத்துல கிளஸ்டர கொத்தணின்னு செய்தியில எழுதுனாவ, நான் அதத்தான் எடுப்பேன், அணிங்கறதுல ஒருத்தனுக்கு ஒருத்தன் நிக்குத அர்த்தமும் வருது. நோடுக்கு கணு, லத்தீன்லயும் அது முடிச்சுதான். ஸ்கிரிப்டுக்கு குறுநிரல்னு எழுதலாம், பேசும்போது ஸ்கிரிப்ட்னே இருந்துட்டுப் போட்டும். ரிமோட்டுக்கு தொலை. சேத்துச் சொன்னா தொலைக்கொத்தணி வினவல். நீளமாத்தான் இருக்கு, டாக்குமெண்ட்ல ஒருக்கா முழுசா எழுதிட்டு பொறவு வினவல்னு மட்டும் போட்டா போதும்.