வயிற்றை அமுக்காதீர்கள், மூச்சைக் கொடுங்கள்

“தண்ணி முழுக்க எடுத்திட்டம் டொக்டர். இனிப் பயமில்லைத்தானே?”

பதினொரு வயதுப் பையனை வான் வண்டியிலிருந்து இறக்கும்போதே அவனுடைய சித்தப்பா கேட்டது இது. பையனின் காதுக்குள் கடல்மணல் ஒட்டியிருந்தது. வயிற்றில் யாருடையவோ நகம் கீறிய தடங்கள். கரையில் வைத்து அவனைத் தோளில் தலைகீழாகப் போட்டுச் சுற்றியிருக்கிறார்கள், வயிற்றைப் பிசைந்திருக்கிறார்கள், பிறகு வானில் ஏற்றி இருபது நிமிடம் ஓடி வந்திருக்கிறார்கள். அவ்வளவு நேரத்திலும் ஒருவர்கூட அவனுக்கு ஒரு மூச்சுக் கொடுக்கவில்லை. நாங்கள் முக்கால் மணித்தியாலத்துக்கு மேல் முயன்றோம். அவன் திரும்பவில்லை.

வன்னியில் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்யும் எனக்கு இந்தக் காட்சி புதிதல்ல. லீவுக்குக் குடும்பமாக வருகிறார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து, வவுனியாவிலிருந்து, கனடாவிலிருந்து. முல்லைத்தீவு, அளம்பில், நாயாறு என்று ஆளில்லாத கரையாகப் பார்த்து வானை நிறுத்தி, சமைத்துச் சாப்பிட்டுவிட்டுக் கடலில் இறங்குகிறார்கள். சந்தோசமாக இருக்க வந்தவர்களை நான் பிணவறை வாசலில் சந்திக்க வேண்டியிருக்கிறது. போதும்.

முதலில் இந்த வயிற்றுக் கதையை முடித்துவிடுகிறேன். தண்ணீரில் மூழ்கியவர் உயிருக்கு ஆபத்து வயிற்றில் இருக்கும் தண்ணீரால் வருவதில்லை. கிணற்றடியில் நாலு செம்புத் தண்ணீர் குடித்தவருக்கு ஏதாவது ஆகிறதா? மூழ்கியவருக்கு மூச்சு நின்றுவிட்டது, அதுதான் ஆபத்து. மூச்சு நின்று நாலைந்து நிமிடத்திலேயே மூளை பழுதாகத் தொடங்கும். நீங்கள் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவது அந்த நாலைந்து நிமிடத்தைத்தான் தின்கிறது. நுரையீரலுக்குள் போன தண்ணீர் வயிற்றை அமுக்குவதால் வெளியே வராது. வருவது மத்தியானம் சாப்பிட்ட சோறும் மீன்குழம்பும். அதுவும் வெளியே மட்டும் வராது, மயங்கிக் கிடப்பவரின் மூச்சுக்குழாய்க்குள்ளும் இறங்கும். இருந்த கொஞ்ச வழியையும் நீங்களே அடைத்துவிடுகிறீர்கள்.

“எங்கட ஊரில் ஒரு பிள்ளையைச் சுத்தித்தான் காப்பாத்தினவை” என்று எனக்குச் சொல்லாதவர்கள் இல்லை. சரி, அந்தப் பிள்ளைக்கு மூச்சு முழுதாக நிற்கவில்லை. சுற்றாமல் மணலில் சரித்துக் கிடத்தியிருந்தாலும் எழும்பியிருக்கும். சுற்றியும் எழும்பாத பிள்ளைகளைப் பற்றி ஊரில் கதை இல்லை. அவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

செய்ய வேண்டியது இதுதான். கூப்பிட்டும் அசையவில்லை, சரியாக மூச்சு விடவில்லை என்றால் மல்லாக்காகக் கிடத்துங்கள். தலையைச் சற்றுப் பின்னே சாய்த்து, நாடியை (மோவாயை) உயர்த்தி, மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து ஐந்து முறை ஊதுங்கள். ஒவ்வொரு முறையும் நெஞ்சு உயர்வது கண்ணுக்குத் தெரிய வேண்டும். அசைவு வராவிட்டால் நெஞ்சின் நடுவில் உள்ளங்கையை வைத்து 30 முறை அழுத்துங்கள், பிறகு 2 மூச்சு, மறுபடி 30. நிமிடத்துக்கு 100 முதல் 120 வரை என்ற வேகம். பெரியவர்களுக்கு 5 சென்ரிமீற்றராவது உள்ளே போக வேண்டும், பிள்ளைகளுக்கு நெஞ்சின் தடிப்பில் மூன்றில் ஒரு பங்கு. வாயில் நுரை வந்துகொண்டே இருக்கும், அதைத் துடைத்துக்கொண்டு நிற்க வேண்டாம், அதன் மேலேயே ஊதுங்கள். சத்தி (வாந்தி) வந்தால் மட்டும் பக்கமாகத் திருப்பி வழித்துவிட்டுத் தொடருங்கள். இன்னொருவர் 1990க்கு அழைக்கட்டும். சுவசெரிய அம்புலன்ஸ், காசு இல்லை. அது வரும்வரை நிறுத்தாதீர்கள். விலா எலும்பு முறியும் என்று பயப்படாதீர்கள். முறிந்த எலும்பு பொருந்தும்.

இனிக் கடல். காரைநகர் கசூரினாவில் இடுப்பளவு தண்ணீரில் வெகுதூரம் நடந்து பழகியவர்கள் இங்கேயும் அப்படித்தான் என்று நினைக்கிறார்கள். முல்லைத்தீவுக் கரை வங்கக் கடலுக்கு நேரே திறந்து கிடப்பது. சில அடிகளிலேயே காலுக்குக் கீழே நிலம் இல்லாமல் போகும் இடங்கள் உண்டு. பிள்ளைகளை இறக்கும்போது எல்லாரும் அலை உடையாத, அமைதியான இடமாகத் தேடுகிறார்கள். இரண்டு பக்கமும் வெள்ளையாக அலை உடைய, நடுவில் ஒரு துண்டு மட்டும் கருமையாக, சத்தமில்லாமல் கிடக்கும். கரைக்கு வந்த தண்ணீர் அந்த வழியால்தான் கடலுக்குத் திரும்புகிறது. பிள்ளையையும் கொண்டு போகும். அதில் அகப்பட்டால் கரையைப் பார்த்து நீந்தாதீர்கள், களைத்துப் போவீர்கள். மிதந்தபடி கரைக்குச் சமாந்தரமாகப் பக்கவாட்டில் நகர்ந்து, அலை உடையும் இடத்துக்கு வந்து கரையேறுங்கள்.

கரையில் மீனவர்களின் கொட்டிலான வாடியில் வலை பொத்திக்கொண்டு யாராவது இருப்பார்கள். “அண்ணை, பிள்ளையளை எங்கை இறக்கலாம்?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கரைவலை இழுக்கிறவர்களுக்கு அந்தக் கடலின் இழுவை கையில் தெரியும். அவர்கள் “இண்டைக்கு வேண்டாம்” என்றால் வேண்டாம்தான். ஐப்பசி தொடங்கித் தை வரை வாடைக் கடலில் கேட்கவே தேவையில்லை, கரையில் இருந்து பாருங்கள். நாயாறு, கொக்கிளாய் முகத்துவாரங்களில் எந்த மாதமும் குளிக்க வேண்டாம். குடித்தவர் இறங்க வேண்டாம், பிள்ளைகளுக்குக் காவலாக நிற்கவும் வேண்டாம்.

தாய்மாரிடம் ஒன்று கேட்கிறேன். மூழ்கும் பிள்ளை கத்தாது, கை காட்டிக் கூப்பிடாது. வாய் தண்ணீர் மட்டத்தில் இருக்கும், கைகள் தண்ணீரை அமுக்கும், விளையாடுகிற மாதிரியே தெரியும். அதனால் ஒரு பெரியவர், போனை வைத்துவிட்டு, பார்ப்பதை மட்டுமே வேலையாகச் செய்யட்டும். கை எட்டும் தூரத்தில் நில்லுங்கள். யாராவது இழுபட்டால் நீந்தத் தெரியாமல் பின்னால் பாயாதீர்கள், ஒன்று இரண்டாகும். வாடியில் கிடக்கும் வெறும் பிளாஸ்ரிக் கானை மூடியோடு எறியுங்கள், கயிறு எறியுங்கள்.

அப்புறம், காப்பாற்றிய பிள்ளை எழும்பி இருந்து ஐஸ்பழம் கேட்டாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வாருங்கள். நுரையீரலுக்குள் தண்ணீர் போயிருந்தால் அடுத்த சில மணித்தியாலங்களில் மூச்சு மோசமாகலாம். நள்ளிரவானாலும் யோசிக்க வேண்டாம். வைத்துப் பார்த்துவிட்டு, நல்லாக இருந்தால் நாங்களே அனுப்பிவிடுவோம்.