படி ஏறாதீர்கள் என்று சொல்லும் முன்

சென்னைப் புறநகரில் ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரிப் பக்கம் காலிமனையாகக் கிடந்த இடமெல்லாம் இன்று அடுக்குமாடிகள். 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்தபின் நெரிசல் இன்னும் கூடிவிட்டது. வேலைக்குப் போகிற பலருக்கு மின்சார ரயில்தான் கதி.

நான் எலும்பு மூட்டு மருத்துவர். முட்டித் தேய்மானம் என்று வருகிறவர்களிடம் "படி ஏறுவதைக் குறையுங்கள்" என்று பல காலம் சொல்லிவந்தேன். ஒரு நாள் ஓர் அம்மா, "நீங்கள் சொன்னதிலிருந்து நடைபாலம் ஏறுவதே இல்லை டாக்டர். லைனைத் தாண்டியே போய்விடுகிறேன்" என்றார், நல்ல செய்தி சொல்வதுபோல. அவருடைய உள்ளங்கையில் ஜல்லி குத்திய காயம், இன்னும் பொருக்கு உதிரவில்லை. எனக்குப் பகீரென்றது.

முட்டிக்காகக்கூட அது தவறான வழி. படிக்கட்டில் ஒரு படி சுமார் 15 செ.மீ. உயரம். நம் புறநகர் நிலையங்களின் உயர்ந்த நடைமேடையோ தண்டவாளத்திலிருந்து 76 செ.மீ.க்குக் குறையாது. ஐந்து படிகளை ஒரே எட்டில் ஏறுவதற்குச் சமம். ஜல்லியில் பாதம் புரண்டால் தேய்ந்த முட்டி தாங்காது. விழுந்தவரால் சட்டென்று எழவும் முடியாது.

மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் 25 மீட்டர் கடக்கிறது. மின்சார ரயில் பெட்டியின் அகலம் 3.66 மீட்டர், தண்டவாளங்களின் இடைவெளி 1.676 மீட்டர்தான். தண்டவாளத்தை விட்டு ஓரடி தள்ளி நின்றாலும் பெட்டி இடிக்கும். நின்றிருக்கும் வண்டிக்குப் பின்னால் அடுத்த பாதையில் வருவது கண்ணில் படவே படாது. ரயில்வே சட்டம் 147ஆவது பிரிவின்படி இப்படித் தண்டவாளத்தைத் தாண்டுவது குற்றமும்கூட.

வலி பொய்யில்லை, எனக்குத் தெரியும். பத்து நிமிடம் முன்னதாகக் கிளம்புங்கள். கைப்பிடியைப் பிடித்து, ஏறும்போது நல்ல காலை முதலில் வையுங்கள். இறங்கும்போது வலிக்கிற காலை முதலில் வையுங்கள். நடுவில் நின்று மூச்சு வாங்குவதில் வெட்கமே வேண்டாம். குடியிருப்போர் சங்கத்தினர் ரயில்வேக்கு மனு எழுதும்போது, கூடுதல் வண்டியோடு மின்தூக்கியையும் சேர்த்துக் கேளுங்கள். முட்டிவலிக்காரர்களையும் கையெழுத்திட வையுங்கள்.

இப்போதெல்லாம் முட்டிவலி என்று யார் வந்தாலும், எக்ஸ்ரேயைப் பார்க்கும் முன் நான் கேட்பது: "ஸ்டேஷனுக்கு எந்தப் பக்கம் குடியிருக்கிறீர்கள்?"