அடையாற்றுக் கறுப்புச் சேறு

சைதாப்பேட்டைப் பக்கம் அடையாற்றில் தண்ணீர் வற்றியிருக்கும்போது கரையோரச் சேற்றை ஒரு குச்சியால் கிளறிப் பாருங்கள். மேலே மெல்லிசாகப் பழுப்பு, அதற்குக் கீழே மை மாதிரி கறுப்பு, கூடவே அழுகின முட்டை நாற்றம். மூக்கைப் பொத்திக்கொண்டு போய்விடுகிறோம், ஆனால் ஆற்றில் கலந்த ஈயம், காட்மியம், துத்தநாகம் எல்லாம் பெரும்பாலும் அந்தக் கறுப்பில்தான் மாட்டிக்கொண்டு கிடக்கின்றன.

எப்படி என்றால், சாக்கடைக் கழிவைத் தின்கிற பாக்டீரியாக்கள் முதலில் ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். அப்புறம் சேற்றுக்குள் ஆக்சிஜனே வேண்டாத வேறு வகை பாக்டீரியாக்கள் சல்ஃபேட் என்ற கந்தக உப்பை வைத்துப் பிழைக்கும். அதில் வெளிவரும் ஹைட்ரஜன் சல்ஃபைடுதான் அந்த நாற்றம், அது இரும்போடு சேர்ந்தால் அந்தக் கறுப்பு. காட்மியமோ ஈயமோ அங்கே வந்தால் இரும்பைத் தள்ளிவிட்டு சல்ஃபைடை அவை பிடித்துக்கொள்ளும். அப்படி உருவாகிற பொருள் தண்ணீரில் கரையவே கரையாது என்று சொல்லலாம்.

சரி, அப்படியே கிடந்தால் பரவாயில்லை. தூர் வாரி அந்தச் சேற்றைக் கரையில் குவிக்கும்போதுதான் எனக்குப் பதறுகிறது. காற்றுப் பட்டதும் சல்ஃபைடு சல்ஃபேட்டாக மாறும், அமிலம் உண்டாகும், கறுப்பு ஒருசில நாளில் பழுப்பாகும், பிடிபட்டிருந்த உலோகம் மெல்ல மெல்லக் கழன்று மழைத் தண்ணீரில் இறங்கும். கொஞ்சத்தைப் புதிதாக உண்டாகும் இரும்புத் துருவும் களிமண்ணும் திரும்பப் பிடித்துக்கொள்ளும், உண்மைதான், ஆனால் மண் புளிப்பேறினால் அந்தப் பிடியும் தளர்ந்துவிடும்.

குரோமியத்தின் கதை வேறு. குரோம்பேட்டைக்கு அந்தப் பெயரே குரோம் தோல் தொழிற்சாலையால் வந்தது. குரோமியம் முக்கியமாக இரண்டு வடிவத்தில் இருக்கும். தோல் பதனிடப் பயன்படும் மூன்றிணைதிறன் குரோமியம் மண்ணிலேயே ஒட்டிக்கொள்ளும். இன்னொரு வடிவமான ஆறிணைதிறன் குரோமியம் எதிர்மின்னூட்டத்தோடு இருக்கிறது, களிமண்ணும் அப்படியே, அதனால் ஒட்டாமல் நேராக நிலத்தடி நீருக்குப் போய்விடும். இரண்டில் மிகக் கொடிய நஞ்சும் அதுதான். பாலாற்றுப் படுகையில் ராணிப்பேட்டைக்காரர்கள் பல வருஷமாக இதை அனுபவிக்கிறார்கள்.

மாடித் தோட்டத்துக்கு மண் வாங்குகிறவர்கள் எங்கே அள்ளியது என்று கட்டாயம் கேளுங்கள். கீரையின் மேல் படிந்த ஈயத் தூசி நாலு தண்ணீரில் அலசினால் பெரும்பாலும் போய்விடும். வேர் வழியாக ஏறின காட்மியம் இலைக்குள்ளே இருக்கிறது, அலசினாலும் போகாது, வேக வைத்தாலும் அழியாது.