மழை மட்டுமா காரணம்? குவாரிச் சரிவை விசாரிக்கும் முறை

குவாரியில் பாறை சரிந்தால் மறுநாள் செய்தியில் "தொடர் மழையால்" என்று வந்துவிடும். அதே மழையில் பக்கத்துக் குவாரி அசையாமல் நிற்பது ஏன் என்று யாரும் கேட்பதில்லை. விசாரணை தொடங்க வேண்டிய இடம் அந்தக் கேள்விதான். பாறையைச் சரியும் நிலைக்குக் கொண்டுவந்தது ஒன்று, கடைசியில் தட்டிவிட்டது வேறொன்று.

இதற்குப் பழைய பாடம் சுவிட்சர்லாந்தின் எல்ம் கிராமம். பள்ளிப் பிள்ளைகள் எழுதும் சிலேட்டுக்காக 1868 முதல் அங்கே மலையடியை வெட்டினார்கள். தாங்குதூண் எதுவும் விடாமல், ஏறக்குறைய 180 மீட்டர் அகலத்துக்கு, 60 மீட்டருக்கு மேல் உள்ளே போய்விட்டார்கள். 1876-இல் மேலே விரிசல் கண்டது, ஆண்டுக்காண்டு அகன்றது. 1881 கோடையின் இறுதியில் நல்ல மழை. செப்டம்பர் 10-ஆம் தேதி வந்து பார்த்த குழு ஊரைக் காலிசெய்யச் சொல்லவில்லை. மறுநாள் மாலை சுமார் ஒரு கோடி கன மீட்டர் பாறை மூன்று தவணையாக இறங்கியது. முதல் சரிவுக்கும் இரண்டாவதுக்கும் 17 நிமிடம், இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் 4 நிமிடம். முதல் சரிவைக் கண்டு எதிர்மேட்டுக்கு ஓடியவர்களையும் மூன்றாவது விடவில்லை. இறந்தவர்கள் நூற்றுக்கு மேல். நிலவியலாளர் ஆல்பர்ட் ஹைம், பிழைத்தவர்களின் வாக்குமூலத்தையும், பாறை பிரிந்த இடத்தில் மலையில் விழுந்த தழும்பின் அளவையும் பொருத்திப் பார்த்து இந்த வரிசையைக் கட்டினார். மழை கடைசியில் வந்தது. அடியைக் குடைந்தது பதின்மூன்று ஆண்டு வேலை.

இன்றைய விசாரணையும் தழும்பிலிருந்துதான் தொடங்குகிறது. மீட்புப் பணி முடிந்ததும் இடிபாட்டை அள்ளிவிட அவசரப்படுவார்கள். அதற்கு முன்பே டிரோன் படம் எடுத்துவிட வேண்டும். பழைய சர்வேயோடு ஒப்பிட்டால் எவ்வளவு பாறை, எந்த உயரத்திலிருந்து பிரிந்தது என்பது தெரியும். அடுத்து, கிளினோமீட்டர் என்ற சாய்வுமானியால் பாறைப் பிளவுகளின் சாய்வையும் திசையையும் அளக்க வேண்டும். பத்துப் பதினைந்து அளவு போதாது, நூறாவது வேண்டும். பாறை தட்டையாக வழுக்க மூன்றும் சேர வேண்டும்: பிளவு பள்ளத்தை நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும், அதன் சாய்வு வெட்டுமுகத்தின் சாய்வைவிடக் குறைவாக இருந்து, பிளவின் கீழ்முனை முகத்தில் வெளியே தெரிய வேண்டும், அந்தச் சாய்வு உராய்வுக் கோணத்தை, அதாவது எவ்வளவு சாய்ந்தால் பாறை தானே வழுக்கத் தொடங்குமோ அந்தக் கோணத்தை, மிஞ்ச வேண்டும். சுத்தமான கிரானைட் பிளவில் உராய்வுக் கோணம் பெரும்பாலும் 30 டிகிரிக்கு மேல். நடுவில் களிமண் படலம் இருந்தால் அது பாதியாகக்கூட இறங்கும். ஆகவே வழுக்கிய பரப்பில் ஒட்டியிருக்கும் களிமண்ணை, வெயில் உலர்த்தும் முன் உறையிலிட்டுக் கட்டுவது அவசியம். பரப்பில் நீளவாக்கில் கீறல்கள் இருக்கும். பாறை எந்தப் பக்கம் போனது என்பதற்கு அவையே சாட்சி.

தண்ணீரைக் கணக்காகவே போடலாம். மேல்விளிம்பு விரிசலில் 10 மீட்டர் ஆழத்துக்கு நீர் நின்றால், ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் சுமார் 50 டன் தள்ளுவிசை. 20 மீட்டர் நின்றால் அது 200 டன்; ஆழம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு. மேலே வடிகால் வெட்டாத குவாரியில் ஒரே இரவில் இது நடக்கும்.

வெடிப் பதிவேட்டையும் விடக்கூடாது. துளைகளை ஒரேயடியாக அல்ல, சிறு சிறு தாமதம் விட்டு வெடிப்பார்கள்; ஒரு தாமதத்துக்கு எத்தனை கிலோ வெடிமருந்து, கடைசி வெடி எப்போது? கவனமாக வெடித்த முகத்தில் வெடித்துளைகளின் பாதித்தடம் வரிவரியாக நிற்கும். தடமே இல்லாமல் நொறுங்கியிருந்தால், முகத்துக்குப் பின்னாலிருக்கும் பாறையும் அடிவாங்கியிருக்கிறது.

கடைசியில் பின்னோக்கிய கணக்கு. சரிந்த கணத்தில் தள்ளும் விசையும் தாங்கும் விசையும் சமம், அதாவது பாதுகாப்புக் காரணி 1. அதை வைத்து உராய்வுக் கோணத்தைத் திரும்பக் கணித்து, ஆய்வக மாதிரியோடு ஒப்பிடுவார்கள். இரண்டும் ஒத்துவராவிட்டால் நீர்மட்டத்தையோ பிளவின் நீளத்தையோ தவறாக எடுத்திருக்கிறோம். ஒத்துவந்தபின் நீரை மட்டும் கழித்துப் பார்க்கலாம்: காரணி 1.05 என்றால் பாறை ஏற்கெனவே விளிம்பில் நின்றது, 1.5 என்றால் மழைமேல் பழிபோட நியாயம் உண்டு. அதேபோல் அடியில் குடைந்த பகுதியைத் திரும்ப நிரப்பியும் கணக்குப் போடலாம். இந்தியாவின் 1961-ஆம் ஆண்டு உலோகச் சுரங்க ஒழுங்குமுறைகளில் 106-ஆம் விதி, முகத்தை அடியில் குடைந்து மேற்பகுதி தொங்கும்படி விடுவதைத் தடைசெய்கிறது. கெட்டிப் பாறையிலும், படிப்படியாக வெட்டும் முகத்தில் ஒரு படியின் உயரம் 6 மீட்டரைத் தாண்டக்கூடாது என்கிறது. இந்த விதியிலிருந்து தளர்வு (விலக்கு) பெற்ற குவாரியானால், தளர்வாணையில் எழுதிய உயரத்தைத் தழும்பில் அளந்த உயரத்தோடு வைத்துப் பார்க்க வேண்டியதுதான்.